சுங்கை சிப்புட்டில் வீடு வாங்க லாயர்: ஏஜென்ட் சொல்றவரா, பேங்க் பெனலா, நாமே தேடுறதா?

ஆறாம்நம்பர்லயம்:
வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டில் பழைய தோட்ட நிலத்தில் எழும்பிய ஒரு தாமான் (குடியிருப்பு). ஒற்றை மாடி வரிசை வீடு, டெவலப்பர்கிட்ட இல்ல, இப்போ குடியிருக்கிறவங்ககிட்ட வாங்குறது. விலை 260,000 வெள்ளி, லோன் 90 விழுக்காடு. பேர் போடுறது நானும் அம்மாவும்.

ஏஜென்ட், "எங்ககிட்ட லாயர் இருக்காரு, ரெண்டு பக்கமும் அவரே பார்த்துக்குவாரு, செலவு மிச்சம்" என்கிறார். பேங்க்காரர் ஈப்போவில் இருக்கிற அவங்க பெனல் லாயர்கள் (பேங்க் ஏற்றுக்கொண்ட லாயர்கள்) பட்டியலைக் கொடுத்திருக்கார். இங்கே பெக்கானில் (டவுனில்) ஒரு லாயர் இருக்கார், ஆனா பெரும்பாலும் கோர்ட் கேஸ்தான் பார்க்கிறார் போல. யாரைப் பிடிப்பது? கூலி எவ்வளவு ஆகும்? புக்கிங் 2 விழுக்காடு, அதாவது 5,200 வெள்ளி, இந்த வாரமே கட்டச் சொல்றாங்க.

மணிக்கூண்டு:
முதலில் கூலி. எல்லாரும் அதில்தான் தடுமாறுகிறார்கள். தீபகற்பத்தில் வீடு வாங்கும் விற்கும் வேலைக்கு லாயர் கூலி அவரவர் இஷ்டம் இல்லை, சட்டம் போட்ட விகிதம் இருக்கிறது. 2023 ஜூலை 15 முதல் நடப்பில் உள்ள ஆணைப்படி முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு (குறைந்தது 500 வெள்ளி), அதற்கு மேல் அடுத்த 70 லட்சத்துக்கு 1 விழுக்காடு. லோன் ஒப்பந்தத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் லோன் தொகையின் மேல்.

உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். வாங்கும் ஒப்பந்தம், அதாவது எஸ்பிஏ: 260,000க்கு 3,250 வெள்ளி. அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி 260. லோன் 234,000க்கு 2,925, வரி 234. ஆக லாயர் கூலி மட்டும் 6,669 வெள்ளி. சேவை வரிக்குப் பதிவு செய்யாத சின்ன ஆபீஸ் என்றால் அந்த 494 வெள்ளியை வசூலிக்கக் கூடாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முத்திரை வரி தனி. பெயர் மாற்றத்துக்கு முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்து 500,000 வரை 2 விழுக்காடு: 1,000 + 3,200 = 4,200. லோன் ஒப்பந்தத்துக்கு 0.5 விழுக்காடு: 1,170. இதில் ஒரு கொக்கி. முத்திரை வரி நீங்கள் எழுதிய விலைக்கு இல்லை. அரசாங்க மதிப்பீட்டு இலாகா அந்த வீட்டை 290,000 என்று மதிப்பிட்டால் அதன் மேல்தான் போடுவார்கள், 600 வெள்ளி கூடும். விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் வீடு, 500,000க்கு உட்பட்டது என்றால் இந்த இரண்டு முத்திரை வரியும் முழுக்க விலக்கு. 2026 பட்ஜெட்டில் அதை 2027 டிசம்பர் 31 வரை நீட்டிப்பதாக அறிவித்தார்கள். ஆனால் "முதல் வீடு" என்பதற்குச் சட்டத்தின் பொருள் கறாரானது: வாரிசாகவோ அன்பளிப்பாகவோ வந்த வீட்டில் ஒரு சின்னப் பங்கு உங்கள் பெயரில் இருந்தாலும் விலக்கு கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் இரண்டு பேரும் தகுதியாக இருக்க வேண்டும். அப்பாவின் பழைய வீட்டில் அம்மா பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு அம்மா பெயரைச் சேருங்கள். இதைச் சத்தியப் பிரமாணத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், "தெரியாமல் போட்டேன்" என்பது பிறகு எடுபடாது.

கூலிக்குச் சட்ட விகிதம் இருப்பதால் கூலியை மட்டும் பார்த்து லாயர் தேடாதீர்கள். வித்தியாசம் "செலவினம்" என்ற வரியில் ஒளிந்திருக்கும்: தேடல் கட்டணம், பதிவுக் கட்டணம், சத்தியப் பிரமாணம், நகல், போக்குவரத்து. "எல்லாம் சேர்த்து 9,000" என்று ஒரே வரியில் கொட்டேஷன் வந்தால் திருப்பி அனுப்புங்கள். கூலி, சேவை வரி, முத்திரை வரி, செலவினம் என நான்காகப் பிரித்து, செலவினத்தை வரிவரியாகக் கேளுங்கள்.

பால்வாளி:
ஏஜென்ட் சொன்ன "ரெண்டு பக்கமும் ஒரே லாயர், செலவு மிச்சம்" பற்றி: மிச்சம் விற்கிறவருக்குத்தான் தம்பி. வாங்குற உங்க 3,250 அதனால குறையாது. விற்கிறவர் தனக்குன்னு லாயர் வைக்காம தப்பிச்சுக்கிறார், அவ்வளவுதான். நாளைக்கு டெபாசிட் திரும்பக் கேக்கிற நிலைமை வந்தா அந்த லாயர் உங்களுக்காக எழுதவும் முடியாது, அவருக்காக எழுதவும் முடியாது. ஏஜென்ட் மாசத்துக்கு எத்தனை கேஸ் அந்த ஆபீசுக்கு அனுப்புறார்ங்கிறதையும் மனசுல வச்சுக்குங்க.

பேங்க் பெனல் பட்டியல்ல இருக்கிற ஒருத்தரை நீங்களே எஸ்பிஏக்கும் பிடிக்கிறதுதான் இந்த விலைக்குச் சரி. ரெண்டு வேலையும் ஒரே ஆபீஸ்ல நடந்தா ஃபைல் அங்கேயும் இங்கேயும் அலையாது. ரெண்டு வேற ஆபீஸ்னா எஸ்பிஏ லாயர் 14ஏ பாரத்தை (பெயர் மாற்றப் பாரம்) அனுப்பலன்னு இவர் சொல்வார், உறுதிமொழிக் கடிதம் வரலன்னு அவர் சொல்வார், நடுவுல நாள் ஓடும். நாள் ஓடினா யார் தலையில? உங்க தலையில. வழக்கமான எஸ்பிஏல மீதிப் பணம் கட்ட 3 மாசம். அதுக்கு மேல 1 மாசம் தானா நீளும், ஆனா வருஷத்துக்கு 8 விழுக்காடு வட்டியோட. உங்க 234,000க்கு ஒரு நாளைக்கு 51 வெள்ளி 29 காசு. முப்பது நாள்னா 1,538 வெள்ளி சொச்சம்.

அதனால லாயர்கிட்ட முதல்ல கேக்க வேண்டிய கேள்வி: விற்கிறவர் பேங்க் ரிடெம்ப்ஷன் கணக்கை (அவர் பழைய லோனை அடைக்க வேண்டிய தொகை) தாமதமா கொடுத்தா அந்த நாளைக் கழிச்சு எழுதுவீங்களா? "எப்பவும் போடுறதுதான்"னு சொன்னா அந்தப் பத்தியைக் காட்டச் சொல்லுங்க. விற்கிறவர் பக்கத் தாமதத்துக்கு உங்க மேல வட்டி விழக் கூடாது.

ரிடெம்ப்ஷன்ல இன்னொன்னு. அவர் வீட்டு லோன் பாக்கி உங்க பேங்க் தர்ற 234,000ஐ விடக் கூட இருந்தா, முதல்ல அவர் குறைஞ்ச பணத்தைக் கட்டணும். பல இடத்துல கைமாத்து லோன் எடுத்து, திரும்ப ரிஃபைனான்ஸ் பண்ணி, பாக்கி எவ்வளவுன்னு அவருக்கே தெரியாது. எஸ்பிஏ கையெழுத்துக்கு முன்னாடியே பாக்கித் தொகையை எழுத்துல வாங்கிடுங்க.

வெள்ளைக்காப்பி:
பால்வாளி அண்ணன் சொல்வதில் ஒன்றில் மட்டும் உடன்பாடில்லை. பெனலில் இருக்கிறார் என்பதாலேயே ஈப்போ லாயர் என்று முடிவு கட்டாதீர்கள். பெனல் என்றால் பேங்க்குக்கு வேலை செய்யத் தகுதி என்று பொருள், உங்களுக்கு நல்லவர் என்று பொருள் இல்லை. லோன் ஒப்பந்தத்தில் அவருடைய கட்சிக்காரர் பேங்க்தான், நீங்கள் இல்லை.

நான் பார்ப்பது இதைத்தான்.

கையெழுத்து வாங்குவது யார்? 14ஏ பாரத்தில் லாயர் முன்னிலையில் கையெழுத்து விழ வேண்டும். குமாஸ்தா காப்பிக்கடைக்கே வந்து "இங்கே போடுங்க அங்கே போடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய், பிறகு லாயர் சாட்சியாகப் போடுவது முறையல்ல. பின்னால் கையெழுத்தே என்னுடையதில்லை என்று ஒருவர் கிளம்பினால் மொத்தப் பெயர் மாற்றமும் ஆட்டம் காணும். அம்மா ஆங்கிலம் மலாய் படிக்க மாட்டார் என்றால் தமிழில் பத்திக்குப் பத்தி சொல்லி விளக்கும் ஆள் வேண்டும். இதில் பெக்கான் லாயருக்கு ஒரு பலம் உண்டு. அவர் கோர்ட் கேஸ் அதிகம் பார்க்கிறார் என்பது குறையில்லை, போன ஒரு வருஷத்தில் எத்தனை வீட்டுக் கேஸ் முடித்தார் என்று நேராகக் கேளுங்கள். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

சான்றிதழ்: மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வருவார். தொழில் நடத்தும் சான்றிதழ் வருஷா வருஷம் புதுப்பிப்பது. பழைய போர்டு தொங்குகிறது என்பது போதாது.

பணம்: ஆபீசின் கட்சிக்காரர் கணக்கில்தான் போட வேண்டும், ஆபீஸ் பெயரில். குமாஸ்தா பெயரிலோ லாயரின் சொந்தப் பெயரிலோ ஒரு வெள்ளிகூட வேண்டாம். வாட்ஸ்அப்பில் "கணக்கு எண் மாறியிருக்கிறது" என்று செய்தி வந்தால் ஆபீசுக்குப் போன் போட்டு, லாயரிடமே உறுதி செய்யாமல் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் ரசீது.

10 விழுக்காடு டெபாசிட் எப்படிப் பிரிகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 26,000. புக்கிங் 5,200 ஏற்கெனவே போகும். எஸ்பிஏ அன்று 20,800. அதில் 3 விழுக்காடு, 7,800 வெள்ளியை, உங்கள் லாயர் பிடித்து வைத்து 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். விற்பவரின் சொத்து லாப வரிக்காக அது. மலேசியக் குடிமக்கள் ஐந்து வருஷம் தாண்டி வைத்திருந்தால் அந்த வரி பூஜ்யம், ஆனாலும் பிடித்தம் வழக்கமாக நடக்கும். விற்பவர் கைக்குப் போவது மீதி 13,000தான். "மொத்தத்தையும் எனக்கே கொடுத்திடுங்க, வரி நான் பார்த்துக்கிறேன்" என்று விற்பவர் கேட்டால் ஒப்புக்கொள்ளும் லாயர் உங்களைக் காக்கவில்லை. பிடித்து அனுப்பும் பொறுப்பு வாங்குகிறவர் மேல் இருக்கிறது.

டெபாசிட் கைமாறிய உடனே உங்கள் லாயர் 19பி பாரத்தில் கேவியட் (வேறு பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போடுகிறாரா என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் அதே வீட்டை இன்னொருவருக்கு விற்க விற்பவருக்கு வழி திறந்தே இருக்கும். தனியார் கேவியட் 6 வருஷம் நிற்கும். செலவைக் குறைக்க இதைத் தவிர்க்கலாம் என்பார்கள். தவிர்க்காதீர்கள்.

சரக்கொன்றை:
எல்லாரும் லாயரைப் பற்றி எழுதுகிறீர்கள், கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, யாரும் கேட்கவில்லை. எந்த லாயர் என்பதைக் கிராண்ட்தான் சொல்லும். கிராண்ட் நகல் கையில் இருக்கிறதா? முதல் வரியில் கிராண்டின் வகை, நடுவில் நில வகை, கீழே "ஷராட் ஞாத்தா" (நில நிபந்தனை), "செக்காத்தான் கெப்பெந்திங்கான்" (உரிமை மாற்றக் கட்டுப்பாடு), அப்புறம் பதிவுரிமையாளர் பெயர். இந்த ஐந்தையும் இங்கே எழுதுங்கள்.

ஆறாம்நம்பர்லயம்:
ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியது: வகை பஜாக்கான் முக்கிம் (குத்தகை நிலம்), 99 வருஷம், 2085இல் முடிகிறது. நில வகை பங்குனான் (கட்டடம்). செக்காத்தானில் மாநில ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்று இருக்கிறது. பெயர் விற்கிறவருடைய அப்பாவின் பெயர். அவர் இறந்து நாலு வருஷம் ஆச்சாம். உயில் எழுதவில்லை. பாட்டி, தாத்தா இப்போ இல்லை. விற்கிறவரின் அம்மா இருக்கார், கூடப் பிறந்தவங்க மூணு பேர். ஏஜென்ட் "லாயர் பார்த்துக்குவார்" என்கிறார்.

சரக்கொன்றை:
5,200ஐ இந்த வாரம் கட்டாதீர்கள்.

இப்போது விற்கிறவரிடம் விற்பதற்கு வீடே இல்லை. கிராண்டில் இருப்பது இறந்தவர் பெயர். அவர் போடும் எஸ்பிஏ கையெழுத்தைக் கொண்டு நில அலுவலகத்தில் எதுவும் பதிய முடியாது. உயில் இல்லாத முஸ்லிம் அல்லாதவர் சொத்து 1958 பங்கீட்டுச் சட்டப்படி பிரியும். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இருந்திருந்தால் அவர்களுக்கும் நாலில் ஒரு பங்கு போயிருக்கும். ஆக உங்கள் விற்பவருக்குச் சொந்தம் ஆறில் ஒன்று. மற்ற ஐந்து பங்கும் அம்மாவிடமும் மூன்று கூடப்பிறந்தவர்களிடமும் இருக்கிறது.

வழி இரண்டு. மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்கு உட்பட்டால் சிறு சொத்து, நில அலுவலகத்திலேயே ஏ பாரம் கொடுத்து பாகப்பிரிவினை ஆணை வாங்கலாம் (இந்த வரம்பு முன்பு 20 லட்சமாக இருந்தது, 2024 ஜூலையில் உயர்ந்தது). எல்லா வாரிசும் விசாரணைக்கு வர வேண்டும், வராதவர் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஒருவர் பேச்சே இல்லை என்றால் அங்கே நிற்கும். சொத்து அந்த வரம்பைத் தாண்டினால் வழி உயர்நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம். ஆனால் நிர்வாகப் பத்திரம் வாங்கியவர் அசையாச் சொத்தை விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதியும் தனியாக வேண்டும். பத்திரம் கையில் இருக்கிறது, உடனே விற்கலாம் என்று நினைக்கிற இடத்தில்தான் பல கேஸ்கள் நில அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்படுகின்றன. வாரிசுகளில் 18 வயதுக்குக் கீழ் யாராவது இருந்தால் சிக்கல் இரட்டிப்பு.

அது முடிந்த பிறகுதான் மாநில ஒப்புதல். குத்தகை நிலத்துக்கு அது மாதக் கணக்கில் இழுக்கும். அதனால் எஸ்பிஏவில் 3 மாதக் கணக்கு ஒப்பந்தத் தேதியிலிருந்து இல்லாமல், ஒப்புதல் கடிதம் உங்கள் லாயருக்குக் கிடைத்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். இந்த ஒரு வரியைத் தவறவிட்ட லாயரால் பால்வாளி கணக்குப் போட்ட 51 வெள்ளி உங்களுக்குத் தினமும் ஓடும்.

வீடு அவ்வளவு பிடித்திருந்தால் நிபந்தனை எஸ்பிஏ போடலாம்: இத்தனை மாதத்தில் பாகப்பிரிவினை ஆணை, அடுத்து மாநில ஒப்புதல், இரண்டில் எது வராவிட்டாலும் டெபாசிட் முழுக்கத் திரும்ப. அதுவரை பணம் லாயரின் கட்சிக்காரர் கணக்கில் பொறுப்புத் தொகையாக நிற்கும், விற்பவர் கைக்குப் போகாது. எல்லா வாரிசும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடவில்லை என்றால் போட வேண்டாம். உங்களுக்குத் தேவை வாரிசுச் சொத்தும் குத்தகை ஒப்புதலும் இரண்டும் செய்து பழகிய லாயர், அவர் ஏஜென்டின் ஆளாக இருக்கக் கூடாது.

பால்வாளி:
ஆமா, கிராண்ட் கேக்காம பேசினது என் தப்பு. சரக்கொன்றை சொன்னதுதான்.

புக்கிங் பத்தி ஒன்னு. பதிவு பெற்ற ஏஜென்சின்னா பேரம் பேசுற ஆளுக்குச் சிவப்பு அட்டை இருக்கும், பணம் கம்பெனி கணக்குக்குப் போகும். அட்டை இல்லாத புரோக்கர் கைல கொடுத்தா போச்சு. கட்டியே ஆகணும்னா புக்கிங் கடிதத்துல "லோன் கிடைக்கலன்னா, விற்கிறவர் உரிமை நிரூபிக்கலன்னா 7 நாளுக்குள்ள முழுசா திருப்பித் தரணும்"னு எழுதாம கட்டாதீங்க.

கம்போங்பாரு:
குறுக்கே வரேன், மன்னிக்கணும். தோட்டத் துண்டாடல் காலத்து நிலம், 3 ஏக்கர், கிராண்ட் பெர்த்தானியான் (விவசாய நிலம்). அதில் 40இல் 1 பங்குன்னு வீட்டு மனை விற்கிறாங்க, 45,000 வெள்ளி. இதுக்கும் இதே லாயர் விதிதானா?

வெள்ளைக்காப்பி:
அது வேறு கதை. 40இல் 1 என்றால் பிரிக்கப்படாத பங்கு. "உங்க மனை அந்த மூலையில" என்பது பேப்பரில் போட்ட கோடு, கிராண்டில் இல்லை. எந்த மண் உங்களுடையது என்று சட்டம் சொல்லாது. பேங்க் அநேகமாக லோன் தராது, விவசாய நிலத்தில் வீடு கட்ட நில நிபந்தனையை மாற்ற வேண்டும், அதற்கு மற்ற 39 பேரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், அரசாங்கத்துக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். லாயர் கூலி சின்னதுதான், ஆனால் லாயர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டதால் அந்த மனை உங்களுடையதாகிவிடாது. தனித் தலைப்பில் கேளுங்கள், விரிவாக எழுதலாம்.

ஆறாம்நம்பர்லயம்:
ரொம்ப நன்றி. புக்கிங்கை நிறுத்திட்டேன். நாளைக்கு கிராண்ட் சரிபார்க்க நானே நில அலுவலகம் போகலாமா? ஈப்போவா, கோலகங்சாரா?

சரக்கொன்றை:
போகலாம், லாயர் பிடிக்கும் முன்பே போங்கள். கெரான், பஜாக்கான் நெகெரி, எச்எஸ்டி போன்ற கிராண்ட் வகைகள் மாநிலப் பதிவகத்தில், அதாவது ஈப்போவில். பஜாக்கான் முக்கிம், கெரான் முக்கிம், எச்எஸ்எம் மாவட்ட நில அலுவலகத்தில். உங்களுடையது பஜாக்கான் முக்கிம், அதனால் கோலகங்சார் மாவட்டம்.

கொண்டு போக வேண்டியது: கிராண்ட் வகை, கிராண்ட் எண், லாட் எண், முக்கிம், மாவட்டம், அடையாள அட்டை. கேட்க வேண்டியது "சாரியான் ரஸ்மி" (அதிகாரப்பூர்வத் தேடல்). "சாரியான் பெர்செண்டிரியான்" (தனிப்பட்ட தேடல்) எடுத்தால் விவரம் கிடைக்கும், ஆனால் அதிகாரப்பூர்வச் சான்று கிடைக்காது. வந்ததும் ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் நகலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பேங்க் சார்ஜ் (அடமானப் பதிவு) எத்தனை, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா, பெயரும் அடையாள அட்டை எண்ணும் இறந்தவருடையதுதானா என்று பாருங்கள். நிலவரி பாக்கியையும் அதே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

கேவியட் இருந்து, அதில் கூடப்பிறந்தவர் பெயர் இருந்தால் இங்கே எழுதுங்கள். அப்போது வேறு கணக்கு.